கிங்ஸ் கிராஸில் பிறந்த அயர்லாந்து

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரை ஒட்டியுள்ள ஒரு தேவாலயக் கல்லறைத் தோட்டம். அயர்லாந்தில் பிறந்து, பிழைக்க வந்த ஊரிலேயே வாழ்ந்து மறைந்த ஒரு தாயின் கல்லறையில் ஐரிஷ் மொழியில் ஐந்து சொற்களைப் பொறிக்க அவருடைய பிள்ளைகள் விரும்பினார்கள். எங்கள் நெஞ்சில் என்றென்றும் என்பதற்கு மேல் அந்த வரியில் எதுவும் இல்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் நீதிமன்றம் 2020இல் அனுமதி மறுத்தது. ஆங்கிலம் இல்லாமல் ஐரிஷ் மட்டும் கல்லில் நின்றால் அதை அரசியல் முழக்கமாக யாரேனும் எடுத்துக்கொள்ளக்கூடும் என்று நீதிபதி கருதினார். குடும்பம் மேல்முறையீடு செய்து 2021இல் வென்றது. அடுத்த ஆண்டு டப்ளின் குழுவான ஃபான்டெய்ன்ஸ் டி.சி. தன் மூன்றாவது ஆல்பமான ‘ஸ்கின்டி ஃபியா’வை அந்த ஐந்து சொற்களையே தலைப்பாகக் கொண்ட பாடலோடு தொடங்கியது. பின்னணிக் குரல்கள் அந்த வரியைத் திருப்பலியில் பாடுவதுபோலத் திரும்பத் திரும்ப இசைக்கின்றன. ஏறக்குறைய ஆறு நிமிடம் நீளும் பாடல் அது. பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் அந்தத் தொகுப்பு முதலிடம் பிடித்தது.

ஃபான்டெய்ன்ஸ் டி.சி.யை யாரும் செல்டிக் பங்க் குழு என்று சொல்வதில்லை. அவர்களிடம் பேஞ்சோ கிடையாது, டின் விசில் கிடையாது. ஆனாலும் செல்டிக் பங்க் என்ற இசைவகையின் உயிர்நிலை எதுவோ அது அந்தப் பாடலில் இருக்கிறது. மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாள், பச்சைத் தொப்பி, பியர் கோப்பை, தோளோடு தோள் கோத்துக் கத்தும் கூட்டம் என்றுதான் உலகம் இந்த இசையை அறிந்து வைத்திருக்கிறது. அந்தப் படத்தை இந்தக் குழுக்களே விற்றும் இருக்கின்றன. பாடல்களை உட்கார்ந்து கேட்டால் வேறொன்று புலப்படும். இது பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்களின் பிள்ளைகள் உண்டாக்கிய இசை. கூலி வேலை, வாடகை அறை, போலீஸ் சந்தேகம், சொந்த ஊரைப் பற்றிய தீராத வழக்கு இவைதான் இதன் கச்சாப்பொருள். 2022 முதல் 2025 வரை வந்த ஆல்பங்களில் எவை நிற்கும், எவை கரையும் என்று பார்க்கவும் இந்த அளவுகோலே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

1841இல் இன்றைய அயர்லாந்துக் குடியரசின் எல்லைக்குள் சுமார் 65 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். 1961 கணக்கெடுப்பில் அது 28 லட்சம். இடையில் நடந்தவை உருளைக்கிழங்குப் பஞ்சமும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓயாத புலம்பெயர்வும். 1950களில் மட்டும் சுமார் 4 லட்சம் பேர் வெளியேறினார்கள். பெரும்பாலோர் போன இடம் இங்கிலாந்து. சாலை போட்டார்கள், சுரங்கப்பாதை தோண்டினார்கள், மருத்துவமனைகளில் செவிலியர்களாக வேலை பார்த்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளில் ஆங்கில உச்சரிப்போடு வளர்ந்து, கோடை விடுமுறைக்குத் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போய் வந்தார்கள். ஷேன் மகௌவன் அப்படி ஒருவர். 1957 கிறிஸ்துமஸ் நாளில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தவர். சிறுவயதின் ஒரு பகுதியைத் தாயின் ஊரான டிப்பரேரியில் கழித்தவர். உதவித்தொகையில் லண்டனின் புகழ்பெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் சேர்ந்து, அங்கிருந்து நீக்கப்பட்டவர். 1976, 77இன் பங்க் அலையில் முதலில் ரசிகராகவும் பிறகு பாடகராகவும் இறங்கியவர்.

1982இல் லண்டன் கிங்ஸ் கிராஸ் வட்டாரத்தில் அவரும் நண்பர்களும் தொடங்கிய குழுதான் த போக்ஸ். அயர்லாந்தின் மரபிசை வழியில் முறையாகத் தேர்ந்தவர்கள் அதில் ஆரம்பத்தில் இல்லை என்பது முக்கியம். ஜேம்ஸ் ஃபியர்ன்லி கிட்டார்காரர். இந்தக் குழுவுக்காகத்தான் அக்கார்டியனைத் தோளில் மாட்டினார். ஜெம் ஃபைனர் பேஞ்சோவைப் பிடித்ததும் அப்படியே. ஸ்பைடர் ஸ்டேசி டின் விசில் ஊதுவார், நடுநடுவே பியர் தட்டை எடுத்துத் தன் தலையிலேயே அடித்துத் தாளம் போடுவார். ஆண்ட்ரூ ரேங்கன் ஆரம்ப நாட்களில் இரண்டே ட்ரம்களை வைத்துக்கொண்டு நின்றபடி வாசித்தார்.

அந்த இரண்டு ட்ரம்களில்தான் இந்த இசையின் நுட்பம் இருக்கிறது. ஐரிஷ் நடன இசையில் ரீல் என்பது நான்கு எண்ணிக்கையில் இடைவெளியின்றி ஓடுவது. போல்கா இரண்டே எண்ணிக்கை. ஜிக் நம் திஸ்ர நடையைப் போல மூன்று மூன்றாகத் துள்ளுவது. பங்க் ட்ரம்மின் விரைவான இரட்டை அடியும் போல்காவின் அடியும் ஏறத்தாழ ஒன்றே. ஒன்றை மற்றொன்றின்மேல் ஒட்டவைக்கவே வேண்டியதில்லை, வேகத்தைக் கூட்டினால் தானாகப் பொருந்திவிடும். கிட்டார் இரைச்சல் செய்யும் வேலையை இங்கே அக்கார்டியனின் துருத்தி செய்கிறது. போக்ஸ் கண்டுபிடித்தது இந்தப் பொருத்தத்தை. அதன்மேல் மகௌவனின் சொல் வந்து உட்கார்ந்தது. அந்தச் சொல்லைப் பிறகு வந்தவர்களில் எவராலும் எட்ட முடியவில்லை என்றே நினைக்கிறேன்.

அயர்லாந்தில் எல்லோரும் இதைக் கொண்டாடவில்லை. கன்சர்ட்டினா கலைஞர் நோயல் ஹில் 1985இல் ஒரு வானொலி உரையாடலில், குழுவினரை எதிரே வைத்துக்கொண்டே, இது ஐரிஷ் இசையைச் சிதைப்பது என்று கடுமையாகச் சாடினார். அவருடைய கோபத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. குடித்துவிட்டு ஆடும் ஐரிஷ்காரன் என்ற கேலிச்சித்திரம் ஆங்கிலேயர்கள் நூற்றாண்டுகளாக வரைந்து வைத்திருந்தது. அதையே லண்டனிலிருந்து கிளம்பிய ஒரு குழு மேடையேற்றுகிறது என்று அவருக்குப் பட்டிருக்கும். ஆனால் அதே 1985இல் எல்விஸ் காஸ்டெல்லோ தயாரிப்பில் வந்த ‘ரம், சாடமி அண்ட் த லாஷ்’ ஆல்பத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். லண்டன் தெருவில் உடலை விற்றுப் பிழைக்கும் ஒரு பையனின் கதை இருக்கிறது. இரயில்பாதை அமைத்து மண்ணோடு மண்ணான கூலிகளைப் பற்றி ஃபில் கேஸ்டன் எழுதிய ‘நாவிகேட்டர்’ இருக்கிறது. முதல் உலகப்போரில் காலிழந்த ஆஸ்திரேலியச் சிப்பாயைப் பற்றிய எரிக் போகலின் பாடல் இருக்கிறது. கொண்டாட்டம் என்ற சொல் இவற்றில் எதற்கும் பொருந்தாது.

ஐரிஷ் ஆயுதக்குழு நடத்தியதாகக் கருதப்பட்ட 1974 பர்மிங்காம் குண்டுவெடிப்புக்குப் பிறகு இங்கிலாந்தில் ஐரிஷ் உச்சரிப்பே சந்தேகத்துக்கு இடமாயிற்று. செய்யாத குற்றத்துக்காக ஆறு பேர் ஆயுள் தண்டனை பெற்றுச் சிறையில் கிடந்தார்கள். 1988 ஆல்பத்தில் போக்ஸ் அவர்களுக்காகப் பாடிய பாடலை அந்த ஆண்டின் இறுதியில் பிரிட்டனின் ஒலிபரப்பு ஆணையம் தடைசெய்தது. 1991இல் ஆறு பேரும் நிரபராதிகள் என்று விடுதலையானார்கள். அதே ஆல்பத்தில் குழுவின் கிட்டார்காரர் ஃபிலிப் செவ்ரான் எழுதிய ‘தவுசண்ட்ஸ் ஆர் செய்லிங்’, பஞ்சகாலக் கப்பல்களையும் 1980களில் விசா இல்லாமல் நியூயார்க்கில் ஒளிந்து வேலைபார்த்த இளைஞர்களையும் ஒரே மூச்சில் பாடுகிறது. உலகம் அந்த ஆல்பத்திலிருந்து கிறிஸ்துமஸ் பாடலை மட்டும் எடுத்துக்கொண்டது. ‘ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்’கும் வேலை கிடைக்காமல், கனவு கருகி, ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளும் ஒரு புலம்பெயர் இணையின் கதைதான் என்பதைக் கடைவீதிகளில் அதை ஒலிக்கவிடுபவர்கள் கவனிப்பதில்லை.

அமெரிக்கக் கதை வேறு தலைமுறைக் கணக்கு. பாஸ்டனை ஒட்டிய குவின்சியில் 1996இல் தொடங்கிய டிராப்கிக் மர்ஃபீஸ் குழுவினருக்கு அயர்லாந்து என்பது தாத்தாக்களும் பூட்டன்களும் விட்டுவந்த நாடு. அவர்களுடைய ஊர் பாஸ்டன். முதல் பாடகர் மைக் மெக்கோல்கன் குழுவை விட்டு விலகித் தீயணைப்பு வீரரானார். குழுவின் பெயர் எங்கிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. மல்யுத்த வீரராக இருந்த ஜான் ‘டிராப்கிக்’ மர்ஃபி, மாசசூசெட்ஸில் குடிநோயாளிகளை மீட்கும் இல்லம் ஒன்றை நடத்தினார். அந்தப் பெயர்தான் இது. குழுவின் தூண் கென் கேசி, தான் குடியை விட்டவர் என்பதை ஒளிக்காமல் பேசுபவர். பியர் கோப்பைகளுக்கு நடுவே பாடப்படும் இந்த இசையின் மிகப் பெரிய குழு ஒரு குடிமீட்பு இல்லத்தின் பெயரைச் சுமக்கிறது.

அவர்களை உலகம் முழுக்கக் கொண்டுபோன பாடல் 2005இன் ‘ஐம் ஷிப்பிங் அப் டு பாஸ்டன்’. மார்ட்டின் ஸ்கார்செசியின் ‘த டிபார்ட்டட்’ படம் அதைப் பரப்பியது. காலிழந்த மாலுமி ஒருவனைப் பற்றிய அந்தச் சில வரிகள் ஓக்லஹோமாவின் மக்கள் பாடகர் வுடி கத்ரி (1912–1967) விட்டுப்போன தாள்களில் கிடைத்தவை. அவருடைய மகள் நோரா கத்ரி தந்தையின் காகிதங்களைக் குழுவுக்குத் திறந்துவிட்டார். அந்த உறவின் முழு விளைச்சல்தான் 2022இன் ‘திஸ் மெஷின் ஸ்டில் கில்ஸ் ஃபாசிஸ்ட்ஸ்’, 2023இன் ‘ஓகீமா ரைசிங்’ ஆகிய இரு ஆல்பங்கள். இரண்டிலும் சொல் கத்ரியுடையது, மெட்டு குழுவுடையது. டல்சா நகரில் பதிவு செய்தார்கள். கத்ரி பிறந்த ஓகீமா அதே மாநிலத்தில்தான் இருக்கிறது. மின் கிட்டார்களை முற்றாக ஒதுக்கிவைத்தார்கள்.

இந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன். அதற்கு முந்தைய 2021 ஆல்பமான ‘டர்ன் அப் தட் டயல்’ ஒரே சூத்திரத்தைத் திரும்பப் போட்டதாகவே இருந்தது. நூறு பேர் சேர்ந்து கத்துவதற்கென்றே அளந்து வெட்டிய பல்லவிகள், எப்போதும் ஒரே உச்சத்தில் நிற்கும் கிட்டார். மின்சாரத்தை எடுத்ததும் அந்தக் குழு உண்மையில் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து வாசிக்கக்கூடியது என்பது வெளியே தெரிந்தது. இதில் ஒரு நெருக்கடியும் இருந்தது. இரு முன்னணிப் பாடகர்களில் ஒருவரான ஆல் பார், மறதிநோய் கண்ட தாயைப் பார்த்துக்கொள்வதற்காக 2022இல் மேடையை விட்டு ஒதுங்கினார். கேசி தனியாகப் பாட வேண்டியதாயிற்று. கரகரப்பான, பயிற்சியில்லாத அந்தக் குரல் கத்ரியின் தொழிற்சங்கச் சொற்களுக்குச் சரியாகப் பொருந்தியது.

2025 ஜூலை 4 அன்று வெளியான ‘ஃபார் த பீப்புள்’ மின் கிட்டாருக்குத் திரும்புகிறது. அந்த ஆண்டு மார்ச்சில் ஃபுளோரிடா மேடையில் நடந்ததைப் பலரும் காணொளியில் பார்த்திருப்பார்கள். டிரம்ப் ஆதரவுச் சட்டை அணிந்து முன்வரிசையில் நின்ற ரசிகரிடம், உங்கள் சட்டை அமெரிக்காவில் தைத்ததுதானா என்று பந்தயம் கட்டினார் கேசி. பின்கழுத்துச் சீட்டைப் புரட்டிப் பார்த்தால் நிகராகுவா என்று இருந்தது. இவர்களைக் கேட்க வருகிறவர்களில் ஒரு பகுதியினர் காவலர்கள், தீயணைப்பு வீரர்கள், கட்டுமானத் தொழிலாளர்கள். டிரம்புக்கு வாக்களித்த ஐரிஷ் அமெரிக்கக் குடும்பங்கள் அவர்களில் நிறைய உண்டு. தன் சொந்தக் கூட்டத்தைப் பார்த்து, நம் தாத்தா எப்படி இந்த நாட்டுக்கு வந்தார் என்று கேட்பது எளிதல்ல. சுற்றுப்பயண வருமானம் அந்தக் கூட்டத்தை நம்பி இருக்கும்போது இன்னும் கடினம். கேசி அதைச் செய்கிறார்.

துணிவு வேறு, பாட்டு வேறு. ‘ஃபார் த பீப்புள்’ ஆல்பத்தைத் தொடங்கும் ‘ஹூ’ல் ஸ்டாண்ட் வித் அஸ்’ ஒரு நல்ல கூட்ட முழக்கம். மூன்றாம் முறை கேட்கும்போது அதில் புதிதாகத் திறக்க எதுவும் இல்லை. கேசியை வளர்த்த தாத்தாவை அவருடைய சிகரெட்டின் வாசனையும் சவர நீரின் வாசனையுமாக நினைவுகூரும் ‘செஸ்டர்ஃபீல்ட்ஸ் அண்ட் ஆஃப்டர்ஷேவ்’ அதைவிட ஆழமாக இறங்குகிறது. ஒரு மனிதரின் சட்டைப்பையிலிருந்து வர்க்கத்தைப் பேச முடியும் என்பதை கேசி இன்னும் அடிக்கடி நம்ப வேண்டும்.

லாஸ் ஏஞ்சலீஸின் ஃப்ளாகிங் மாலி குழுவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். டப்ளின் ரிங்ஸெண்டில் வளர்ந்த டேவ் கிங், ஹெவி மெட்டல் பாடகராக இருந்துவிட்டு, மாலி மலோன்ஸ் என்ற மதுக்கூடத்தில் வாராவாரம் வாசித்து உருவாக்கிய குழு அது. 2022இல் வந்த ‘ஆந்தம்’ ஆல்பத்தை, அவர்களுடைய தொடக்ககால ஆல்பங்களைப் பதிவுசெய்த ஸ்டீவ் ஆல்பினியே சிகாகோவில் பதிவுசெய்தார். நேர்த்தியான ஒலி, பழக்கமான பாடல்கள். பிரிட்ஜெட் ரீகனின் ஃபிடில் வரும் இடங்களில் மட்டும் பழைய பசி தெரிகிறது. 2025 தொடக்கத்தில் கிங்குக்கு மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டுச் சுற்றுப்பயணம் நிறுத்தப்பட்டது.

அயர்லாந்துக்குள்ளேயே இந்த நாற்பது ஆண்டுகளில் என்ன நடந்தது? மரபிசையையும் ராக்கையும் சேர்க்கும் முயற்சி போக்ஸுக்கு முன்பே அங்கே உண்டு. தின் லிசியின் ‘விஸ்கி இன் த ஜார்’, ஹார்ஸ்லிப்ஸின் 1973 ஆல்பமான ‘த டாய்ன்’ இரண்டும் சான்று. பங்கின் கோபமும் மரபிசையும் கலந்த குழுக்களுக்கு அங்கே அவசரத் தேவை இருக்கவில்லை. ஊரில் இருப்பவனுக்கு ஊரை நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2008 பொருளாதாரச் சரிவு அதை மாற்றியது. வங்கிகள் கவிழ்ந்தன, இளைஞர்கள் மறுபடி ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் விமானம் ஏறினார்கள். ஊரில் மிஞ்சியவர்களுக்கு டப்ளின் வாடகை கட்டுப்படியாகவில்லை. பாட்டனுடைய பாட்டுகள் மீண்டும் நடப்புச் செய்தி ஆயின.

டண்டாக் ஊரின் ஹெண்டி சகோதரர்களும் ஷான் மெக்கென்னாவும் சேர்ந்த த மேரி வாலப்பர்ஸ் இந்தச் சூழலின் பிள்ளைகள். சகோதரர்கள் அதற்கு முன் அரசு உதவித்தொகையில் காலம் தள்ளும் வாழ்வைப் பற்றி ஹிப்ஹாப் பாடியவர்கள். கொரோனா முடக்கத்தில் வீட்டிலிருந்து நேரலையாகப் பாடிப் பெயர் பெற்றார்கள். 2022இல் முதல் ஆல்பம், 2023 அக்டோபரில் ‘ஐரிஷ் ராக் அண்ட் ரோல்’. அவர்கள் எடுத்துப் பாடும் பழைய பாடல்களின் தேர்வைக் கவனித்தால் அவர்களுடைய நோக்கு புரியும். இங்கிலாந்தைக் கட்டியெழுப்பி அதன் சுரங்கப்பாதைகளில் உயிர்விட்டவர்களைப் பற்றி டொமினிக் பீஹன் எழுதியது ஒன்று. கொதிக்கும் தார் ஊற்றும் சாலைக் கூலிகளின் ‘ஹாட் அஸ்ஃபால்ட்’ இன்னொன்று. நகைச்சுவையும் கெட்ட வார்த்தையும் தாராளம். ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில் அவர்களுக்குத் தடுமாற்றமே இல்லை. வீட்டு உரிமையாளரும் பாதிரியாரும் காவலரும்தான் இலக்கு.

இந்தக் காலகட்டத்தின் தலைசிறந்த ஆல்பம் எது என்று கேட்டால், தயங்காமல் லங்கமின் ‘ஃபால்ஸ் லங்கம்’ (2023) என்பேன். பங்க் வழியாக வந்து மரபிசைக்குள் நுழைந்த லிஞ்ச் சகோதரர்கள், ரேடி பீட், கார்மக் மக் டியர்மடா ஆகிய நால்வர் அந்த டப்ளின் குழு. முதல் பாடல் ‘கோ டிக் மை கிரேவ்’. காதலில் ஏமாந்து உயிர்விடும் பெண்ணைப் பற்றிய பழைய கதைப்பாடல் அது. தொடக்கத்தில் ரேடி பீட்டின் குரல் மட்டும் இருக்கிறது, குழைவில்லாமல், நெடுஞ்சுவரில் மோதுவதுபோல. பிறகு அடியில் ஒரு ரீங்காரம் நுழைகிறது. குழாய்களும் துருத்தி வாத்தியங்களும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் அழுத்துகின்றன. பாடல் முடிந்த பிறகும் இசை முடிவதில்லை. இழவு வீட்டில் ஐரிஷ் பெண்கள் பாடிய ஒப்பாரியின் ஒலியுலகத்துக்குள் அது இறங்கி, அங்கேயே நிமிடக்கணக்கில் தங்கிவிடுகிறது. தயாரிப்பாளர் ஜான் மர்ஃபி அந்த ஒலிகளை மெட்டல் இசைக்குரிய கனத்தில் அடுக்கியிருக்கிறார். வேகத்தைக் கூட்டினால்தான் பங்க் என்று போக்ஸ் காலத்திலிருந்து எல்லோரும் நம்பியிருந்தார்கள். லங்கம் வேகத்தை முழுவதும் கழற்றிவிட்டும் அந்த மூர்க்கத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். அந்த ஆல்பம் பிரிட்டனின் மெர்குரி இசைப் பரிசின் இறுதிப் பட்டியலை எட்டியது, அயர்லாந்தின் சாய்ஸ் இசைப் பரிசையும் வென்றது.

ஃபான்டெய்ன்ஸ் டி.சி. எதிர்த் திசையில் போனது. பாடகர் கிரியன் சாட்டன் இங்கிலாந்தின் பாரோவில் பிறந்து அயர்லாந்தில் வளர்ந்தவர். மகௌவனைப்போல அவரும் இரு கரைக்காரர். லண்டனுக்குக் குடிபெயர்ந்த பிறகு எழுதிய ‘ஸ்கின்டி ஃபியா’வில் ஊர்ப்பாசமும் ஊர்க்கோபமும் கட்டிப் புரளுகின்றன. அயர்லாந்தின் கத்தோலிக்கத் திருச்சபை இல்லங்களில் செத்துப் புதைந்த குழந்தைகளின் எலும்புகளைக் கண்முன் கொண்டுவரும் ‘ஐ லவ் யூ’ என்ற பாடல் அதன் உச்சம். 2024இன் ‘ரொமான்ஸ்’ அயர்லாந்தைப் பெயர் சொல்லிப் பேசுவதைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டது. அதில் வரும் ‘ஸ்டார்பர்ஸ்டர்’, லண்டன் செயின்ட் பேன்கிராஸ் இரயில் நிலையத்தில் சாட்டனை மூச்சுத்திணற வைத்த பீதித் தாக்குதலிலிருந்து பிறந்தது. காற்றை உள்ளே இழுக்கும் அந்தத் திடுக்கிடும் ஒலியே பாடலின் தாளமாகிறது. அந்த நிலையமும் கிங்ஸ் கிராஸும் ஒரே சாலையின் இரு பக்கங்களில் இருக்கின்றன. போக்ஸ் கண்ட லண்டனும் இவர்கள் காணும் லண்டனும் வேறு. இவர்களுடைய உச்சரிப்பைக் கேட்டு இன்று யாரும் காவலரை அழைப்பதில்லை, பத்திரிகைகள் அதை விரும்பி எழுதுகின்றன. அந்த வசதியில் ‘ரொமான்ஸ்’ பளபளப்பாகிவிட்டது என்று சிலர் குறை சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ‘ஸ்டார்பர்ஸ்டர்’ ஒன்றுக்காகவே அந்த ஆல்பத்தை மன்னிக்கலாம்.

ஷேன் மகௌவன் 2023 நவம்பர் 30 அன்று இறந்தார். டிசம்பர் 8 அன்று டிப்பரேரியின் நீனா ஊர்த் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு. கிளென் ஹான்சார்டும் லிசா ஓ’நீலும் ‘ஃபேரிடேல்’ பாடியபோது சவப்பெட்டிக்கு அருகே உறவினர்கள் எழுந்து ஆடினார்கள். 2024 மே மாதம் லண்டன் ஹாக்னி எம்பயர் அரங்கில், போக்ஸின் ஸ்டேசி, ஃபைனர், ஃபியர்ன்லி மூவரும் முதல் ஆல்பத்தின் 40ஆம் ஆண்டுக்காக மேடையேறினார்கள். ட்ரம் வாசித்தவர் ஃபான்டெய்ன்ஸின் டாம் கோல். லங்கமின் டாரா லிஞ்சும் உடன் இருந்தார். அடுத்த ஆண்டு ‘ரம், சாடமி’க்கும் அப்படியொரு சுற்றுப்பயணம் நடந்தது. டிராப்கிக் மர்ஃபீஸ் தங்கள் 2025 ஆல்பத்தில் மகௌவனுக்கு ஒரு விடைகொடுக்கும் பாடலைப் பதிவுசெய்து, இன்னொரு பாடலுக்கு மேரி வாலப்பர்ஸை அழைத்தார்கள். பாஸ்டனும் டண்டாக்கும் ஒரே பாட்டில் பாடுகின்றன.

இந்த மேடைகளில் என்னைப் பெரிதும் கவர்ந்தது மகௌவனின் பாடல்களைப் பெண்கள் எடுத்துக்கொண்ட விதம். செல்டிக் பங்க் பெரும்பாலும் ஆண்களின் சத்தமாகவே இருந்தது. போக்ஸின் கேட் ஓ’ரியர்டனும் ஃப்ளாகிங் மாலியின் பிரிட்ஜெட் ரீகனும் விதிவிலக்குகள். இன்று அந்தப் பாடல்களைப் பாட மேடையில் நிற்பவர்களில் நதீன் ஷா ஒருவர். இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில், பாகிஸ்தானிலிருந்து வந்த தந்தைக்குப் பிறந்து வளர்ந்தவர். ஐரிஷ் குடிபெயர்ந்தோர் பிள்ளைகள் கிங்ஸ் கிராஸில் எழுதிய பாடல்களை, இன்னொரு குடிபெயர்ந்தவரின் மகள் தன் சொந்த வட்டார உச்சரிப்பிலேயே பாடுகிறார். போக்ஸின் மூத்தவர்கள் அவருக்குப் பக்கத்தில் நின்று வாசிக்கிறார்கள்.